லெஃப்ட் ஃபோர் டெட் 2: கதையை ஊகிப்பதற்காகவே திரும்பத் திரும்ப விளையாடிய அனுபவம்

வால்வ் நிறுவனத்தின் லெஃப்ட் ஃபோர் டெட் முதல் பாகம் 2008 நவம்பரிலும் இரண்டாம் பாகம் 2009 நவம்பரிலும் வெளிவந்தன. நான்கு பேர் ஒருவருக்கொருவர் துணையாக நின்று, ஜாம்பிக் கூட்டத்தைச் சுட்டபடியே ஒரு பாதுகாப்பு அறையிலிருந்து அடுத்த பாதுகாப்பு அறைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் இரண்டு பாகங்களிலும் விளையாட்டு. துப்பாக்கிகளையும் கடினநிலைகளையும் பற்றி ஏற்கெனவே ஏராளமானோர் எழுதிவிட்டார்கள். நான் இங்கே பகிர விரும்புவது, இந்த விளையாட்டின் கதையைப் பற்றி ரசிகர்கள் கட்டியெழுப்பிய ஊகங்களோடு பல ஆண்டுகள் விளையாடியதில் எனக்குக் கிடைத்த அனுபவத்தை. எந்த ஊகம் நிற்கிறது, எது உதிர்ந்துபோகிறது என்பதை மேப்புக்குள்ளேயே, அதாவது விளையாடும் களத்துக்குள்ளேயே, சோதித்துப் பார்க்க இடம் கொடுக்கும் விளையாட்டுகள் அரிது, இது அப்படிப்பட்டது.

கதையை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. முதல் பாகத்தின் அறிமுகக் காட்சி, முதல் தொற்று ஏற்பட்டு இரண்டு வாரங்கள் ஆகிவிட்டன என்று மட்டும் அறிவிக்கிறது. அதன் பிறகு நமக்குக் கிடைப்பவை பாதுகாப்பு அறைச் சுவர்களில் கிறுக்கப்பட்ட விடைபெறும் வரிகள், கைவிடப்பட்ட சோதனைச் சாவடிகள், சீடா என்னும் அரசு அவசரநிலை அமைப்பின் சுவரொட்டிகள், ஓடும்போது பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அரைகுறை வாக்கியங்கள் ஆகியவையே. அந்த வாக்கியங்களும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே இடத்துக்குப் பல உரையாடல்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் எது ஒலிக்கும் என்பது அந்தந்த ஆட்டத்தின் போக்கைப் பொறுத்தது. ஆகவே கேம்பெயின் எனப்படும் ஒரு கதைப்பகுதி முழுவதையும் பலமுறை முடித்த ஒருவரும் முக்கியமான ஒரு வரியைக் கேட்காமலே இருந்திருக்கக்கூடும். வெகுகாலம் கழித்து, வேறொரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து விளையாடும்போது அந்த வரி காதில் விழும். அதுவரை உறுதி என்று நினைத்திருந்த ஒன்று ஆட்டம் காணும். என்னைத் திரும்பத் திரும்ப இழுத்தது இந்தத் தன்மைதான்.

இதற்கு நேரெதிரான ஒரு தொல்லையும் உண்டு. ஏஐ டைரக்டர் என்று அழைக்கப்படும் நிரல், நம் உடல்நிலையையும் பதற்றத்தையும் கணித்து, ஜாம்பிகளையும் பொருள்களையும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடங்களில் வைக்கிறது. இரண்டாம் பாகத்தில் சில இடங்களில் பாதையையே மாற்றுகிறது. இதை மறந்துவிட்டு, குறிப்பிட்ட அறையில் விட்ச் என்னும் பெண் ஜாம்பி அழுதுகொண்டிருந்ததற்கு ஒரு குடும்பக் கதையையே கற்பித்துவிடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் அடுத்த ஆட்டத்தில் அதே அறை காலியாக இருக்கும். வடிவமைப்பாளர் கையால் வைத்த பொருள், எழுத்தாளர் எழுதிக் குரல் கொடுக்கப்பட்ட வரி ஆகிய இரண்டை மட்டுமே சான்றாக எடுத்துக்கொள்வது என்று நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். விளையாட்டின் கோப்புகளைக் கிளறி எடுத்த, பயன்படுத்தப்படாத ஒலித்துண்டுகளையும் இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. எழுதிவிட்டு வேண்டாமென்று ஒதுக்கியதை வைத்து வழக்காடுவது நியாயமாகாது.

இந்த அளவுகோலுக்கு முழுவதும் தாக்குப்பிடித்த ஊகம், நோய்க்கடத்திகள் பற்றியது. நாம் ஆடும் பாத்திரங்களுக்கு நோயெதிர்ப்பு இருக்கிறது. எத்தனை முறை கடிபட்டாலும் அவர்கள் மாறுவதில்லை. ஆனால் அவர்களைக் காப்பாற்ற வருகிறவர்கள் நெடுநாள் பிழைப்பதில்லை. முதல் பாகத்தின் 'நோ மெர்சி' கேம்பெயினில் மருத்துவமனை மாடியிலிருந்து நால்வரையும் ஏற்றிச்செல்லும் ஹெலிகாப்டர், 2009இல் சேர்க்கப்பட்ட 'க்ராஷ் கோர்ஸ்' தொடங்கும்போது நொறுங்கிக் கிடக்கிறது. விமானி நடுவழியிலேயே மாறத் தொடங்கியதால் நால்வரில் ஒருத்தியான ஸோயி அவரைச் சுட நேர்ந்தது. இரண்டாம் பாகத்திலும் 'டார்க் கார்னிவல்' முடிவில் ஏறிய ஹெலிகாப்டருக்கு இதே கதிதான். அங்கே சுட்டவர், அந்தப் பாகத்தின் வேறு நால்வரில் ஒருவரான நிக். ஒருமுறை நடந்தால் விபத்து என்று விட்டுவிடலாம். அதே வடிவம் இரண்டு குழுக்களுக்கு நேர்ந்தபோது, இந்தப் பாத்திரங்களே நோயைச் சுமந்து திரிந்து தொட்டவர்களுக்கெல்லாம் பரப்புகிறார்கள் என்ற முடிவுக்கு ரசிகர்கள் வந்ததில் வியப்பில்லை. முதல் பாகத்தின் 'டெட் ஏர்' முடிவில் நால்வரும் ஏறிய விமானம் என்ன ஆனது என்று காட்டாமலே அடுத்த கேம்பெயின் காட்டுக்குள் தொடங்குவதையும் பலர் இதே கணக்கில் எழுதினார்கள். அது காலி இடத்தை நிரப்பும் வேலை, சான்று ஆகாது.

இரண்டாம் பாகத்தின் இறுதிக் கேம்பெயினான 'தி பேரிஷ்' இந்தச் சந்தேகத்தை வாய்விட்டே பேசவைக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் சீடா மறைந்து ராணுவம் பொறுப்பெடுத்திருக்கிறது. தெருக்களில் கிடக்கும் பிணங்களைப் பார்த்து, சுடப்பட்டபோது இவர்கள் ஜாம்பிகளாக இருந்ததுபோலத் தெரியவில்லையே என்று நம் பாத்திரங்களே ஐயப்படுகிறார்கள். பாலத்தின் மறுகரையிலிருந்து வானொலியில் பேசும் வீரர், உங்களுக்கு நோயெதிர்ப்பு உண்டா என்று கேட்கிறார். கடத்திகள் என்ற சொல்லும் அந்த உரையாடலில் அடிபடுகிறது. பாலத்தைக் கடந்து ஹெலிகாப்டரில் ஏறியதும் பாலம் குண்டுவீசித் தகர்க்கப்படுகிறது, ஆட்டம் முடிகிறது. அந்த நால்வரும் இறங்கிய இடத்தில் வரவேற்கப்பட்டார்களா, வரிசையில் நிறுத்திச் சுடப்பட்டார்களா என்ற வாதம் அன்றைக்குத் தொடங்கியது.

2010 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வால்வ் நான்கு பகுதிகளாக வெளியிட்ட 'தி சாக்ரிஃபைஸ்' படக்கதை, ஊகத்தின் முதல் பாதியை மெய்யாக்கியது. முதல் பாகத்தின் நால்வரும் ராணுவ முகாம் ஒன்றில் தனிமைப்படுத்தப்படுகிறார்கள். அவர்கள் நோய்க்கடத்திகள் என்று அங்கே தெளிவாகச் சொல்லப்படுகிறது. அத்தோடு, இந்தத் தன்மை தந்தை வழியாக வருவது என்ற ஒரு வரியையும் மருத்துவர் சொல்கிறார். கடிபட்ட தன் தந்தையை, அவர் கேட்டுக்கொண்டதால், தானே சுட்டுக் கொன்றவள் ஸோயி. அவருக்கும் நோயெதிர்ப்பு இருந்திருக்கும், அந்தச் சாவு தேவையே இல்லை என்பது அந்த ஒரு வரியில் அவளுக்கு விளங்கிவிடுகிறது. எந்த ரசிகரின் ஊகமும் இந்த இடத்தைத் தொட்டதாக நான் கண்டதில்லை. ஊகிப்பவர்கள் விதியைத்தான் தேடினார்கள்; எழுதியவர்கள் அந்த விதியால் யாருக்கு வலிக்கும் என்று யோசித்திருக்கிறார்கள்.

அந்தப் படக்கதையைப் படித்த பிறகு முதல் பாகத்தின் கேம்பெயின்களை மீண்டும் ஆடிப் பார்க்கும்படி யாருக்கும் சொல்வேன். ஸோயியின் சாதாரணக் கிண்டல்கள்கூட வேறு தொனியில் கேட்கும்.

ஆனாலும் கடத்தி ஊகத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் பெயர் வர்ஜில். 'ஸ்வாம்ப் ஃபீவர்' முடிவில் தன் படகில் இரண்டாம் பாகத்து நால்வரை ஏற்றிக்கொள்பவர் இவர். எரிபொருள் தீர்ந்துபோனதால் 'ஹார்ட் ரெய்ன்' கேம்பெயினில் அவர்களைக் கரையில் இறக்கிவிட்டுக் காத்திருக்கிறார். அவர்கள் புயலுக்குள் போய் டீசல் கொண்டுவந்ததும் மறுபடி ஏற்றி நியூ ஆர்லியன்ஸ் வரை கொண்டுபோய் விடுகிறார். இரண்டு பயணங்கள், ஒரே சிறிய படகு. விமானிகள் சில மணி நேரத்தில் மாறினார்கள் என்றால், இவர் எப்படி மாறவில்லை? அவரும் நோயெதிர்ப்பு உள்ளவரே, ஒருவேளை அவரும் கடத்தியே என்பது பரவலாக ஏற்கப்பட்ட விடை. திறந்த படகில் காற்று வீசியது, ஹெலிகாப்டர் மூடிய கூண்டு என்பது இன்னொரு விடை. விமானிகள் இந்த நால்வரை ஏற்றுவதற்கு முன்பே வேறு வழியில் தொற்றுப் பெற்றிருக்கலாம் என்பது மூன்றாவது. அதை ஏற்றால் ஊகத்தின் முதல் தூணே சாய்ந்துவிடும், ஆனால் படகுக்காரர் பிரச்சினையும் தீர்ந்துவிடும். எனக்கு முதல் விடைதான் பொருத்தமாகப் படுகிறது. தொற்று பரவிப் பல வாரங்கள் ஆன பிறகும் தனி ஆளாகப் படகோட்டிக்கொண்டு உயிரோடிருக்கும் ஒருவருக்கு நோயெதிர்ப்பு இருக்கும் வாய்ப்பே அதிகம். இல்லாதவர்கள் அதற்குள் மாறியிருப்பார்கள். முதல் பாகத்தின் 'டெத் டோல்' கேம்பெயினில் தேவாலய அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டு, கதவைத் திறக்க மறுத்து மணியை அடித்துக் கூட்டத்தை வரவழைக்கும் மனிதர், யாரும் அருகில் போவதற்கு முன்பே உள்ளே மாறிவிடுகிறார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கதவை அடைத்துக்கொண்டது அவரைக் காப்பாற்றவில்லை.

சீடாவைப் பற்றிய ஊகங்கள் இன்னொரு வகை. வீட்டை அடைத்துக்கொள்ளுங்கள், அறிவிப்புக்குக் காத்திருங்கள் என்று சுவரொட்டி ஒட்டிய அமைப்பு, இரண்டாம் பாகம் தொடங்கும் சவான்னா நகர ஓட்டலின் மாடியிலிருந்து மக்களை விட்டுவிட்டே ஹெலிகாப்டரில் பறந்துவிடுகிறது. இது வெறும் திறமையின்மைதான் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் பாதுகாப்பு உடையணிந்த சீடா ஊழியர்களே ஜாம்பிகளாக அலையும்போது, அவர்களைச் சுட்டால் சில வேளைகளில் பூமர் என்னும் பருத்த ஜாம்பியின் பித்தநீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை கீழே விழுகிறது. யாரோ அதைச் சேகரித்துக் குடுவையில் அடைத்திருக்கிறார்கள். அதாவது, தெருவில் இருந்தவர்கள் இன்னும் கைகழுவச் சொல்லும் சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தபோதே ஆய்வு நடந்திருக்கிறது. ஒரு தாக்குதல் கருவியாக மட்டும் பார்த்து எறிந்துகொண்டிருந்த குடுவையை இப்படிப் படித்த ரசிகரின் கூர்மையை நான் மதிக்கிறேன். நோயை உருவாக்கியதே சீடாதான் என்று அதிலிருந்து தாவுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்கு மேப்பில் எங்கும் பிடிமானம் கிடையாது.

முதல் பாகத்து நால்வரில் ஒருவரான பில்லின் சாவு குறித்து ஊகித்த காலம் தனிச் சுவை உடையது. 2010 ஏப்ரலில் வந்த 'தி பாஸிங்' கேம்பெயின் இரண்டு குழுக்களையும் ஒரு தூக்குப் பாலத்தின் இருபுறமும் சந்திக்க வைத்தது. ஃப்ரான்சிஸ், லூயிஸ், ஸோயி மூவரும் மேலே நிற்கிறார்கள்; பாலத்தை இயக்கும் ஜெனரேட்டர் அறைக்குள் பில்லின் உடல் கிடக்கிறது. எப்படி, யாருக்காக என்ற விவரம் அக்டோபரில் 'தி சாக்ரிஃபைஸ்' வரும்வரை முழுமையாகத் தெரியவில்லை. இடைப்பட்ட மாதங்களில் அந்த அறையின் நிலை, பாலத்தின் இயக்கம், மூவரின் பேச்சில் தென்படும் குற்ற உணர்வு ஆகியவற்றைக் கொண்டு, நின்றுபோன ஜெனரேட்டரை மீண்டும் இயக்க அவரே இறங்கிப்போனார் என்று ரசிகர்கள் கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லிவிட்டார்கள். 2016இல் 'டெட் பை டேலைட்' என்ற வேறொரு விளையாட்டில் பில் ஒரு பாத்திரமாகச் சேர்க்கப்பட்ட பிறகு, அவர் சாகவே இல்லை, வேறு உலகத்துக்கு இழுக்கப்பட்டார் என்று ஒரு கிளைக் கதை முளைத்தது. உடல் அந்த அறையில் கிடப்பதைப் பார்த்த எவரும் அதை ஏற்கத் தேவையில்லை என்பது என் கருத்து. வால்வின் ஒப்புதலோடு ரசிகர் குழு உருவாக்கி 2020 செப்டம்பரில் வந்த 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' கேம்பெயினையும் நான் மாற்றுப் பாதையாகவே எடுத்துக்கொள்கிறேன். கலங்கரை விளக்க மேப் அழகானது. கதைக் கணக்கில் அது சேராது.

இப்போது வாங்குகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இரண்டாம் பாகத்தை மட்டும் வாங்கினால் போதும். 2012இல் வந்த 'கோல்ட் ஸ்ட்ரீம்' சேர்க்கையோடு முதல் பாகத்தின் கேம்பெயின்கள் அனைத்தும் அதற்குள் வந்துவிட்டன. கதைக்காக விளையாடுகிறவர்கள் முன்பின் அறியாதவர்களோடு இணையத்தில் சேராமல், குறைந்த கடினநிலையில் கணினித் துணைவர்களோடு ஆடுவது நல்லது. இணையத்தில் சேர்கிறவர்கள் நிற்காமல் ஓடுவார்கள். ஒரு சுவரைப் படித்து முடிப்பதற்குள் கதவு சாத்தப்பட்டிருக்கும். சப்டைட்டிலை இயக்கிவைக்க வேண்டும், ஏனென்றால் துப்பாக்கிச் சத்தத்தில் பாதி வரிகள் காதில் விழாது. பாதுகாப்பு அறைகளில் சற்று நேரம் சும்மா நின்றால் பாத்திரங்கள் தாமாகவே பேசத் தொடங்குவதும் உண்டு. உருவாக்கியவர்களின் விளக்க உரைகளையும் உள்ளேயே இயக்கிக் கேட்கலாம். ஆனால் முதல் ஆட்டத்திலேயே கேட்கவேண்டாம்.

குறை என்று சொன்னால், இரண்டாம் பாகத்து நால்வருக்கு என்ன ஆனது என்பதை விளையாட்டு எங்கும் காட்டவில்லை. மூன்றாம் பாகம் வரவில்லை. ஹெலிகாப்டரில் ஏறிய கோச், எல்லிஸ், நிக், ரோஷெல் ஆகியோர் சுடப்பட்டிருப்பார்கள் என்று சொல்வோர் தெருப் பிணங்களைக் காட்டுகிறார்கள். நான் படக்கதையின் முகாமைக் காட்டுவேன்: கடத்திகள் என்று உறுதியானவர்களையும் அங்கே ராணுவம் உடனே கொல்லாமல் அடைத்துவைத்துப் பரிசோதித்தது. நியூ ஆர்லியன்ஸ் படையினரும் அதே நடைமுறையைப் பின்பற்றியிருந்தால் நால்வரும் முதலில் ஒரு பூட்டிய அறைக்குத்தான் போயிருப்பார்கள். அந்த முகாம் கடைசியில் ஜாம்பிகளிடம் வீழ்ந்தது என்பதை எதிர்த்தரப்பு நினைவூட்டும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.