கோடோ எஞ்சின்: 3-ஆம் வரிசையிலிருந்து 4.4 வரை பயன்படுத்திய அனுபவம்

கேம் உருவாக்க உதவும் மென்பொருளான (கேம் எஞ்சின்) கோடோவைச் சிபாரிசு செய்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், அது இலவசம் என்பதுதான். பொழுதுபோக்காக கேம் செய்பவருக்கு அது அவ்வளவு பெரிய காரணம் இல்லை. வருமானமே இல்லாத திட்டத்திடம் மற்ற எஞ்சின்களும் பொதுவாகக் காசு கேட்பதில்லை. சில வருடங்கள் இதோடு குடித்தனம் நடத்திய பிறகுதான் வேறொன்று பிடிபடும். ஏதாவது உடைந்தால் அது ஏன் உடைந்தது, எந்த மாற்றத்தால் உடைந்தது, எந்தப் பதிப்பில் சரியாகும் என்று நாமே போய்ப் பார்க்கலாம். அதற்கு விலை பணமாக அல்ல, நேரமாகப் போகும்.

அர்ஜென்டினாவில் ஹுவான் லினியட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் உருவாக்கிய இந்த எஞ்சின் 2014 பிப்ரவரியில் எம்.ஐ.டி. என்ற திறந்த மூல உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. அந்த உரிமம் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் கேமோடு சேர்ந்து போக வேண்டும். கிரெடிட்ஸ் திரையில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். வாசகத்தைக் கையால் தட்டச்சு செய்யவும் வேண்டாம், 'எஞ்சின்' ஆப்ஜெக்டிலேயே அதை எடுத்துத் தரும் ஃபங்ஷன் இருக்கிறது. 2023 செப்டம்பரில் இன்னொரு கேம் எஞ்சினான யூனிட்டி, நிறுவல் கணக்கில் கட்டணம் வசூலிக்கப்போவதாக அறிவித்தபோது பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தக் கட்டணம் ஒரு வருடத்தில் கைவிடப்பட்டது. ஆனால் விதியை நடுவில் மாற்ற முடியாத உரிமம் என்றால் என்ன என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இனி வலிக்கும் இடங்கள். 2023 மார்ச்சில் 4.0 வந்தபோது பழைய திட்டங்கள் அப்படியே திறக்கவில்லை. மாற்றித் தரும் கருவி இருக்கிறது, ஆனால் அது பெயர்களை மாற்றும், தர்க்கத்தை மாற்றாது. கதாபாத்திரத்தை நகர்த்தும் நோடான (நோடு என்பது கேமைக் கட்டும் அடிப்படை உறுப்பு) கைனமாட்டிக்பாடி, கேரக்டர்பாடி ஆனது. முன்பு நகர்த்தும் ஃபங்ஷனுக்கு வேகத்தை நாம் கொடுப்போம். இப்போது வேகம் அந்த நோடின் சொந்தப் பண்பு. பழைய ஸ்கிரிப்டில் 'வெலாசிட்டி' என்று நாமே ஒரு மாறி வைத்திருந்தால், மூல வகுப்பில் ஏற்கெனவே அது இருக்கிறது என்று பிழை வரும். அந்த ஒரு வரியை அழித்தாலே பாதிப் பிழைகள் மறைந்துவிடும். ஒன்று முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் 'யீல்டு' போய் 'அவெயிட்' வந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கட்டங்களுக்கேற்ப தரைப்படத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆட்டோடைல் அமைப்புகளைக் கையால் மறுபடி போடுவதற்குத் தயாராக இருங்கள். திட்டத்தின் நகலில் மட்டுமே இதையெல்லாம் செய்யுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள்.

பிறகு 4.3-இல், கட்டம் கட்டமாகத் தரையை வரையும் டைல்மேப் நோடு ஓரங்கட்டப்பட்டு, ஒவ்வொரு அடுக்கும் தனி நோடாகப் பிரிந்தது. இதற்குப் பிரித்துத் தரும் வசதி எடிட்டரிலேயே இருப்பதால் சிரமம் குறைவு. 4.4-இல் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன யு.ஐ.டி. (தனி அடையாள எண்) கோப்பு முளைக்கிறது. குப்பை என்று நினைத்து அதை, கோட் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவியான கிட்டின் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்ப்பவர்கள் நிறைய. சேர்த்தால் ஒவ்வொருவர் கணினியிலும் வேறு வேறு அடையாள எண் உருவாகி, சீன் (நோடுகளின் தொகுப்பு) திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை கொட்டும். கிட்டில் ஏற்றாமல் விடவேண்டியது '.கோடோ' என்ற மறைவு ஃபோல்டரை மட்டும்தான். யு.ஐ.டி. கோப்புகளும் படங்களுக்குப் பக்கத்திலுள்ள இம்போர்ட் கோப்புகளும் கட்டாயம் ஏற வேண்டும். எடிட்டருக்கு வெளியே ஸ்கிரிப்டை நகர்த்தினால் அதன் யு.ஐ.டி. கோப்பையும் கூடவே நகர்த்துங்கள்.

பலர் சேர்ந்து வேலை செய்யும்போது சீன் கோப்புகள் வெறும் டெக்ஸ்டாக இருப்பது பெரிய வரம். யார் எந்த நோடின் எந்த மதிப்பை மாற்றினார் என்று வரிவரியாகத் தெரியும். ஆனால் ஒரே சீனில் இரண்டு பேர் கை வைத்தால் மோதல் நிச்சயம். ஒரு லெவலை ஒரே பெரிய சீனாக வைக்காமல் தரை, எதிரிகள், ஒலி, திரைப்பலகை என்று தனித்தனி சீன்களாக உடைத்து, ஒரு நேரத்தில் ஒரு சீன் ஒருவருக்கு என்று வைத்துக்கொண்டால் மோதல் அரிதாகிவிடும்.

பிழை அறிக்கை எழுதுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமூகப் பங்களிப்பு என்பது பெரும்பாலும் இதுதான். முழு கேமையும் ஜிப் செய்து "ஓடவில்லை" என்று போட்டால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எஞ்சினைத் திருத்துபவர்கள் கேட்பது பிழையை மட்டும் காட்டும் மிகச் சிறிய திட்டம். புதிதாக வெற்றுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பிழை வரும்வரை ஒவ்வொரு நோடாகச் சேர்த்துப் போங்கள். ஐந்தாறு நோடுக்குள் முடிய வேண்டும். படங்கள் வேண்டாம், எஞ்சினோடு வரும் ஐகானே போதும். ஜிப் செய்யும் முன் '.கோடோ' ஃபோல்டரை நீக்குங்கள், அளவு சட்டென்று குறையும். சரியான பதிப்பு எண், இயங்குதளம், கிராஃபிக்ஸ் கார்டு, எந்த ரெண்டரர் (திரையில் படத்தை வரையும் பகுதி) ஆகிய நான்கும் இல்லாவிட்டால் முதல் பதில் அவற்றைக் கேட்பதாகத்தான் இருக்கும். இப்படிச் சுருக்கிக்கொண்டே போகும்போது தவறு நம் கோடில்தான் என்று தெரியவருவதும் உண்டு. நேரம் வீண் இல்லை.

பழைய பதிப்பில் அந்தப் பிழை இல்லையென்றால் இன்னும் நல்லது. இடைப்பட்ட டெவ், பீட்டா எனும் சோதனை வெளியீடுகளை இறக்கி, நடுவிலிருந்து பாதி பாதியாகச் சோதித்து, எந்த வெளியீட்டில் தொடங்கியது என்று எழுதிவிடுங்கள். திருத்துபவருக்குப் பாதி வேலை மிச்சம்.

திருத்தம் மூலக் கோடில் ஏறிவிட்டது, ஆனால் அடுத்த வெளியீடு வரை பொறுக்க முடியாது என்றால் ஸ்கான்ஸ் என்ற கருவி கொண்டு எஞ்சினை நாமே கம்பைல் செய்துகொள்ளலாம், அதாவது மூலக் கோடிலிருந்து ஓடும் நிரலாக மாற்றிக்கொள்ளலாம். இங்கே ஒரு பொறி உண்டு. எடிட்டரை மட்டும் கம்பைல் செய்து, கேம் சரியாக ஓடுகிறது என்று திருப்திப்பட்டு எக்ஸ்போர்ட் செய்தால் (ஆடுபவருக்குத் தரும் கேமாக வெளியே எடுத்தால்), வெளியே போன கேமில் பழைய பிழை அப்படியே இருக்கும். காரணம், வெளியே போகும் கேமை ஓட்டும் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் என்பது தனி பைனரி (ஓடும் நிரல் கோப்பு). எந்தெந்தத் தளத்துக்குக் கேம் போகிறதோ அத்தனைக்கும் டெம்ப்ளேட்டைத் தனியாகக் கம்பைல் செய்து, எக்ஸ்போர்ட் அமைப்பில் அந்தப் பாதையைக் கொடுக்க வேண்டும். விண்டோஸ், வெப், ஆண்ட்ராய்டு மூன்றும் வேண்டுமென்றால் குறைந்தது மூன்று முறை. அதனால் உயிர்போகும் பிழைக்கு மட்டும் இந்த வழி. மற்றதற்கு அடுத்த பேட்ச் வெளியீட்டுக்குக் காத்திருப்பதே லாபம்.

புது வசதி கேட்பது வேறு வாசல். அதற்கான படிவம் முதலில் நீங்கள் செய்யும் திட்டம் என்ன, அதில் எங்கே முட்டிக்கொண்டது என்று கேட்கும். சில வரி ஸ்கிரிப்டில் சமாளிக்க முடியாதா, ஆட்-ஆனாக ஏன் இருக்கக் கூடாது என்றும் கேட்கும். "அந்த எஞ்சினில் இருக்கிறதே" என்பது பதிலாகாது. இது புதியவர்களுக்கு எரிச்சலூட்டும், ஆனால் எஞ்சின் ஊதிப் பெருகாமல் இருப்பதற்கு இந்தக் கெடுபிடி ஒரு காரணம். ஜோல்ட் என்ற இயற்பியல் எஞ்சின் வந்த வழியைப் பாருங்கள். 4-ஆம் வரிசையின் சொந்த 3டி இயற்பியலில் (பொருள்கள் விழுவது, மோதுவது போன்ற கணக்கு) பொருள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் நடுங்கும். அதற்கு மாற்றாக ஜோல்ட் முதலில் வெளி ஆட்-ஆனாக வந்தது, பலர் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள், கடைசியில் 4.4-இல் எஞ்சினுக்குள்ளேயே ஒரு தேர்வாகச் சேர்ந்தது. ஆட்-ஆனாக நிரூபித்துவிட்டு உள்ளே வருவதுதான் நடக்கிற பாதை.

கேமை உலாவியில் ஓடவைக்கும் வெப் எக்ஸ்போர்ட்டும் மெல்லத்தான் தேறியது. 4.0 முதல் 4.2 வரை த்ரெட் (பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் முறை) ஆதரவு கட்டாயம் என்பதால், சர்வர் இரண்டு குறிப்பிட்ட ஹெடர்களை (பக்கத்தோடு உலாவிக்குப் போகும் குறிப்புகள்) அனுப்பாவிட்டால் கேம் தொடங்கவே தொடங்காது. இலவச ஹோஸ்டிங்கில் அது பெரும்பாலும் நம் கையில் இருக்காது. 4.3-இல் த்ரெட் இல்லாத எக்ஸ்போர்ட் வந்ததும் அந்தத் தலைவலி போயிற்று. கூடவே ஒலியை உலாவியே நேரடியாக இசைக்கும் முறையும் வந்தது, இல்லாவிட்டால் ஒலி கரகரக்கும். ஆனால் அந்த முறையில் ஆடியோ பஸ்ஸில் (ஒலிகளைக் கலக்கும் வழித்தடம்) போட்ட எதிரொலி போன்ற எஃபெக்டுகள் கேட்காது. சி ஷார்ப்பில் எழுதிய திட்டங்கள் 4.4 வரையிலும் வெப்புக்குப் போக முடியாது, அந்த எண்ணம் இருந்தால் கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டிலேயே தொடங்குங்கள்.

பதிப்பு ஏற்றும்போது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: கேம் பாதி தாண்டிவிட்டால் கடைசி எண் மட்டும் மாறும் பேட்ச் வெளியீடுகளுக்கு மட்டும் ஏறுங்கள். 4.3-இலிருந்து 4.4-க்குப் போயே ஆகவேண்டும் என்றால் நேராக 4.4.1-க்கே ஏறுங்கள்.