ஐசியூவில் ஒரு நர்சுக்கு ஒரு நோயாளியா, இருவரா?

பிரிட்டனில் வென்டிலேட்டர் நோயாளிக்கு 1:1 தரநிலை. கலிபோர்னியாவில் 1:2-ஐத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

செலவு
1:1 – எட்டு மணி நேரக் கணக்கில் ஒரு படுக்கைக்கு வாரம் 21 ஷிஃப்ட். விடுப்பையும் சேர்த்தால் நாலு பேருக்கு மேல் வேண்டும்.
1:2 – அதில் பாதி.

பாதுகாப்பு
1:1 – நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து) சிரிஞ்ச் தீருமுன் அடுத்தது தயாராக இருக்கும்.
1:2 – பக்கத்துப் படுக்கையில் சளி உறிஞ்சும் நேரத்தில் சிரிஞ்ச் தீர்ந்தால், சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரியும். குழம்பிய நோயாளி மூச்சுக்குழாயைப் பிடுங்குவதும் இந்த இடைவெளியில்தான். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது கை கழுவுவது. தொற்று அடுத்தவருக்குத் தாவும்.

திருப்பிப் படுக்கவைத்தல்
எப்படியும் இரண்டு பேர் வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஐசியூ நர்ஸ் விகிதத்தை வரையறுத்த 2014 சட்டத்துக்குப் பிறகும் இறப்பு விகிதம் குறிப்பிடும்படி குறையவில்லை. நர்சுகளின் எண்ணிக்கையே அங்கு சிறிதளவுதான் கூடியது.

எக்மோ (இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் கருவி), தொடர் டயாலிசிஸ், குப்புறப் படுக்கவைத்தவர், மருந்தளவு ஏறிக்கொண்டே போகிறவர்: 1:1, இதில் பேரம் கூடாது. வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டு வார்டுக்குக் காத்திருப்பவருக்கு 1:2 போதும். சாப்பாட்டு இடைவேளைக்கும் மாற்று ஆள் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த அரைமணி நேரம் 1:2 என்பது 1:4 ஆகிவிடும்.