சோகோபானா, பாபாவா? நியாயமாக நடக்கும் புதிர் விளையாட்டு எது?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் நித்திரை வராவிட்டால், இணையம் இல்லாமலும் ஓடும் ஒரு புதிர் விளையாட்டு போனில் இருப்பது நல்லது. எதை ஏற்றிக்கொண்டு போவது என்பதுதான் கேள்வி. உவர்மலையில் இருக்கும் அக்காவின் பெடியன்கள் இருவரும் இதற்கே சண்டை பிடிப்பார்கள். மூத்தவன் சோகோபான் கட்சி, இளையவன் பாபா இஸ் யூ கட்சி. என் ஓட்டு இளையவனுக்கு.

சோகோபான் 1982இல் ஜப்பானில் வெளிவந்தது. கிடங்கில் பெட்டிகளைத் தள்ளிக் குறித்த இடங்களில் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. விதி அவ்வளவுதான், முழுக் கட்டமும் கண்முன்னே கிடக்கும். தெளிவில் இதை மிஞ்ச ஆளில்லை. நியாயம் என்று வரும்போதுதான் இடிக்கிறது. குறியிடம் இல்லாத மூலைக்குள் ஒரு பெட்டி போய்விட்டால் ஆட்டம் அப்போதே முடிந்தது. ஆனால் விளையாட்டு வாய் திறக்காது. மிச்சப் பெட்டிகளையெல்லாம் மினக்கெட்டு அடுக்கிய பிறகு, பத்து நிமிடத்துக்கு முன்பே தோற்றுவிட்டோம் என்று விளங்கும்.

“அதை முதலே கண்டுபிடிக்கிறதுதானே மாமா விளையாட்டு” என்பான் மூத்தவன். அதுவும் சரிதான். அதனால் சோகோபானின் நியாயம் முழுக்கப் பின்வாங்கும் பொத்தானில் தங்கியிருக்கிறது. போனில் கிடைக்கும் பதிப்புகள் பல. ஒரு அடி பின்னால் போக விளம்பரம் பார்க்கச் சொல்லும் பதிப்பு என்றால் உடனே அழித்துவிடுங்கள்.

பின்லாந்துக்காரர் ஆர்வி டெய்காரியின் பாபா இஸ் யூ 2019இல் வந்தது, போனுக்கு 2021இல். இதிலும் தள்ளுவதுதான் வேலை, ஆனால் விதிகளும் கட்டத்திலேயே சொற்களாகக் கிடக்கின்றன. ‘வோல் இஸ் ஸ்டொப்’ என்று மூன்று சொற்கள் வரிசையில் நிற்கும்வரை சுவர் மறிக்கும். ஒன்றைத் தள்ளி விலக்கினால் சுவருக்குள்ளாகவே நடந்து போகலாம். எந்த விதியை உடைக்க முடியாது என்பதையும் கட்டமே காட்டிவிடும்: அந்தச் சொற்கள் கை எட்டாத ஓரத்தில் இருக்கும். ஒளித்து வைத்த விதி என்று எதுவும் இல்லை. எத்தனை அடி வேண்டுமானாலும் இலவசமாகப் பின்னால் போகலாம் என்பதால், ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்?’ என்று பயமில்லாமல் பார்க்கலாம். குறை? பிந்திய கட்டங்கள் பொல்லாத கடினம், குறிப்பும் தராது. ஆனால் அங்கே மாட்டிக்கொண்டால் பிழை நம் யோசனையில்தான்.

கணினி இருந்தால் இன்னும் இரண்டைப் பார்க்கலாம். சுவரில் இரண்டு வாசல் திறந்து, ஒன்றுக்குள் புகுந்து மற்றதால் வெளிவரும் போர்ட்டல் (2007) கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பதில் கெட்டி. வெள்ளைச் சுவரில் வாசல் திறக்கும், கறுத்த உலோகத்தில் திறக்காது. எந்தப் பொத்தான் எந்தக் கதவுக்கு என்பதைப் புள்ளிக்கோடு சொல்லும்; பொத்தான் அழுந்தினால் கோட்டின் நிறமும் மாறும். பலகைகளில் கோடு வரைந்து புதிர் தீர்க்கும் த விட்னஸ் (2016) எழுத்தில் எதையும் விளக்குவதில்லை. எளிய பலகைகளை வரிசையாக வைத்தே பாடம் நடத்துகிறது. சில இடங்களில் பிழை விட்டால் முந்திய பலகையை மறுபடி செய்ய வேண்டும். குருட்டுவாக்கில் முயல்பவர்களுக்கு அது நல்ல கடிவாளம். ஆனால் ஒலியைக் கேட்டும் நிறத்தைப் பிரித்தும் தீர்க்க வேண்டிய பலகைகள் உண்டு. காது கேளாதவருக்கும் நிறம் பிரிபடாதவருக்கும் அது அநியாயம்தான்.

கண்டி கிரஷ்? விழும் இனிப்புகள் எழுமாறானவை, நகர்வுகளோ அளவானவை. தோற்றால் பிழை உங்களுடையதா, விழுந்த இனிப்பினுடையதா என்று சொல்ல வழியில்லை. பொழுதுபோக்கப் பரவாயில்லை, இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன்.