பறுவத்துக்குப் பறுவம் சைரன் அடிக்கும் ஆப்: அம்மாவின் போனிலிருந்து அழித்துவிட்டேன்

நிலாவைக் கணக்குப் பார்த்து 'பெரிய நிலநடுக்கம் வரலாம்' என்று எச்சரிக்கை அனுப்பும் ஒரு ஆப்பைத் தம்பி அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்திருந்தான். மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. நான்கு மாதம் பார்த்தாயிற்று, ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்தான் கொடுப்பேன்.

பறுவத்துக்கும் (பௌர்ணமிக்கும்) அமாவாசைக்கும் முதல் நாள் இரவு, சிவப்புத் திரையோடு சைரன் அடிக்கும். உடனே அம்மா அடையாள அட்டை, காணி உறுதி, பிரஷர் குளிசை எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக் கதவடியில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே கட்டிலில் சாய்ந்திருப்பார். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 போயா நாள், அதாவது பறுவ நாள், அதை அவர் எப்படி மறப்பார்? பறுவ இரவில் கல்லடிப் பாலத்தடிக்கு மீன் பாடுவதைக் கேட்கப் போகிற ஊர் இது, அதே இரவில் அம்மாவுக்கு நித்திரை இல்லை.

நிலாவுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் இழுப்பில் கடல் மட்டுமில்லை, நாம் நிற்கிற தரையும் ஒவ்வொரு நாளும் மெல்ல ஏறி இறங்குகிறது, பறுவத்திலும் அமாவாசையிலும் சூரியனும் சேர்ந்து இழுப்பதால் அது இன்னும் கூடும். உடையும் தறுவாயில் இருக்கிற நிலத்தடிப் பாறைப் பிளவை அது கடைசியாகத் தள்ளிவிடலாம். இழுப்பு கூடிய நேரத்தில் சிறிய நடுக்கம் பெரிதாக வளரும் வாய்ப்புக் கூடுகிறது என்று 2016இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள், 2004இல் இந்தோனேசியாவின் சுமாத்திராவில் வந்த நடுக்கத்தையும் உதாரணமாகக் காட்டினார்கள். சரி, ஆனால் 2018இல் அமெரிக்க ஆய்வாளர் சூசன் ஹஃப், கடந்த நானூறு வருடங்களில் அளவு 8உம் அதற்கு மேலுமாகப் பதிவான 204 நிலநடுக்கங்களை நிலா நாட்களோடு பொருத்திப் பார்த்தார், ஒரு ஒழுங்கும் தென்படவில்லை. வாய்ப்பு ஒரு துளி கூடுவது வேறு, நாளைக்கு வரும் என்று ஒரு வயதான மனுசியை எழுப்புவது வேறு.

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கும். மத்தியானம் சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம், நாங்கள் எல்லோரும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கடற்கரையை விட்டு ஓடினோம். பறுவம் கழிந்து ஐந்து நாள், நிலா பாதிக்குத் தேய்ந்துகொண்டிருந்தது. இந்த ஆப்பின் கணக்குப்படி அது பயமில்லாத நாள்!

எனக்குக் கோபம் வருவது இதில்தான்: 2004இல் சுமாத்திராவில் குலுங்கி, எங்கள் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த நேரத்துக்குள் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் குறை. நிலநடுக்கம் நடந்தபின் வரும் உண்மையான அறிவித்தல் இந்த ஆப்பில் ஒன்றுகூட இல்லை, தமிழும் இல்லை.

ஆப்பை அழித்துவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அம்மாவின் போனில் முதல் இலக்கமாகப் பதிந்து கொடுத்தேன். கதவடியில் இருந்த பேக்கை அவர் எடுத்து உள்ளே வைக்கப் போனார். "அது இருக்கட்டும் அம்மா, எல்லா நாளும் அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.