கா-பார்: புதுசு வாங்குவதா, பிடியை மாற்றுவதா?

அமெரிக்க மரைன் படை 1942இல் ஏற்றுக்கொண்ட கத்தி கா-பார். அலகு 7 அங்குலம், முழு நீளம் 12 அங்குலத்துக்குச் சற்றே குறைவு, தடிமன் 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை 300 கிராமை ஒட்டி வரும். இன்றும் கிட்டத்தட்ட அதே வடிவத்தில், நியூயார்க் மாநிலத்து ஓலியன் நகரத்தின் பெயரோடு விற்பனையில் இருக்கிறது. சில்லறை விலை ஏறத்தாழ 100 டாலர். வருஷக்கணக்கில் புழங்கிய கத்தியில் முதலில் போவது தோல் உறையின் தையல், அடுத்தது பிடி. அலகு அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. ஆனால் "கத்தி போய்விட்டது" என்று ஓரங்கட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை பிடி ஆடுகிறவைதான்.

எஃகு 1095 க்ரோ-வேன். கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி, கூடவே கொஞ்சம் குரோமியமும் வனேடியமும். பெயரில் 'க்ரோ' இருக்கிறதே என்று துருப்பிடிக்காது என நினைத்துவிட வேண்டாம். ஈரத்தில் ஒரே ராத்திரி போதும், கூர்வாயில் செம்புள்ளி தெரியும். ராக்வெல் என்ற எஃகின் கடின அளவையில் 56 முதல் 58. அந்த அளவுக்குச் சாணை பிடிக்கச் சுலபம். சொரசொரப்பான 400 எண் கல்லில் தொடங்கி மெருகான 1000 எண் கல்லில் முடித்து, தோல் பெல்ட்டில் பத்துத் தடவை இழுத்தால் போதும். கோணம் பக்கத்துக்கு 20 பாகை. கோணமானி தேவையில்லை. அலகு அகலம் சுமார் 3 சென்டிமீட்டர் என்பதால், முதுகைக் கல்லிலிருந்து 1 சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்தால் கணக்கு சரியாக வந்துவிடும். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிர் விரலில் தட்டும் வரை பக்கம் மாற்றக்கூடாது. பாதியில் மாற்றினால் நடுவில் மட்டும் வெட்டும், முனைப்பக்கம் மொக்கையாகவே நிற்கும்.

கறுப்புப் பூச்சு இருக்கும்வரை பாதுகாப்பு உண்டு. விறகு பிளந்தால் அது தோள்பகுதியில்தான் முதலில் உரியும். உரிந்த இடத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாள்பட்டால் பிசுக்கேறித் தூசியைப் பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் நல்லது. தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் பெட்டியில் வைப்பதுதான் பெரிய தப்பு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட சரக்கும் எஃகைத் தின்னும். கத்தி தனியாக, உறை தனியாக இருக்க வேண்டும்.

இனி பிடி. நடுவில் ஓட்டையுள்ள தோல் வில்லைகளை, அதாவது வாஷர்களை, அலகின் வால் (பிடிக்குள் நீளும் பின்பகுதி) மேல் கோத்து, இறுக்கி அழுத்தி, கடைசியில் எஃகுக் குமிழை வைத்துக் குறுக்கே ஒரு பின் ஆணியால் பூட்டியிருப்பார்கள். காய்ந்தால் தோல் சுருங்கும், வாஷர்கள் சுற்றத் தொடங்கும். நனைந்தால் உப்பும், பூசணம் பிடிக்கும். பசிபிக் தீவுகளின் காடுகளில் இரண்டாம் உலகப் போர்ச் சமயத்திலேயே தோல் அழுகும் புகார் இருந்தது. இறுகட்டுமென்று எண்ணெயில் ஊறவைப்பவர்கள் உண்டு. அது தோலை இளக்கி இன்னும் மோசமாக்கும். மேலே தேன்மெழுகு தேய்த்தால் போதும்.

ஆட்டம் கண்டுவிட்டால் இப்படிச் செய்யலாம். அலகைத் துணி சுற்றி வைஸில் பிடித்து, பின் ஆணியைத் துளைக்குச்சியால் தட்டி எடுக்க வேண்டும். குமிழை மரக்கட்டையால் இருபக்கமும் மாற்றி மாற்றித் தட்டினால் கழன்று வரும். வாலில் இருக்கும் துருவை இப்போதே சுரண்டிவிட வேண்டும், இனி அது கண்ணில் படாது. நல்ல நிலையில் இருக்கும் பழைய வாஷர்களோடு, குமிழ்ப்பக்கம் 3 மில்லிமீட்டர் காய்ந்த தோலில் ஒன்றிரண்டு சேர்த்தாலே பல நேரம் முடிந்துவிடும். முழுசாக மாற்றினால் எண்ணிக்கையைப் பார்க்காமல் நீளத்தைப் பாருங்கள்: அழுத்துவதற்கு முன் பழைய நீளத்தைவிட 5, 6 மில்லிமீட்டர் கூடுதலாக நிற்க வேண்டும். தோலை நனைத்து அடுக்கக்கூடாது. காயும்போது சுருங்கி மறுபடி ஆடும். கிளாம்பில் இறுக்கி, பின் ஆணியை அடித்து, ஒரு நாள் விட்டுப் பிறகு அரம் போட்டு வடிவம் கொண்டுவரலாம். அரை நாள் வேலைதான்.

முனை உடைந்தாலும் தூக்கிப்போட வேண்டியதில்லை. முதுகைச் சரித்து வெட்டிய இந்தக் கிளிப் முனை மெல்லியது; பெட்டி மூடியை நெம்பினால் 3, 4 மில்லிமீட்டர் போவது சகஜம். கூர்ப்பக்கம் தொடாமல் முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து முனையைக் கீழே இறக்க வேண்டும். மோட்டார் சாணையில் வைத்தால் ஒவ்வொரு தொடுதலுக்கும் தண்ணீரில் முக்குங்கள். நீலநிறம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் தோய்ச்சல் (எஃகுக்கு ஏற்றிய கடினம்) போய்விட்டது, இனி கூர் நிற்காது. கத்தியைக் கழித்துக்கட்ட நியாயமான காரணம் ஒன்றுதான்: கார்டு (அலகுக்கும் பிடிக்கும் நடுவில் உள்ள குறுக்குத் தகடு) ஓரத்தில் வால் வளைவதோ கீறல் விடுவதோ. வால் ஒல்லி, அங்கேதான் முழு பாரமும் விழுகிறது.

படைகள் வாங்கும் கணக்கு வேறு. 1986இல் அமெரிக்க ராணுவம் எம்9 பயனெட்டுக்கு (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) ஃப்ரோபிஸ் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் 3,15,600 கத்திகளுக்கு. ஒன்று ஏறத்தாழ 50 டாலர். அந்தக் காலத்துப் பணத்தில் அது சின்னத் தொகை இல்லை. துப்பாக்கியில் மாட்டும் பூட்டு, கம்பி வெட்டும் உறை, உறையில் ஒட்டிய சாணைக்கல் என்று அலகுக்கு வெளியே நிறைய சரக்கு உண்டு, சோதனைச் செலவும் சேரும். 2010இல் அதே ராணுவம் அடிப்படைப் பயிற்சியிலிருந்து பயனெட் பயிற்சியையே எடுத்துவிட்டது. மரைன் படை 2003இல் ஓகேசி-3எஸ் என்ற 8 அங்குல பயனெட்டுக்கு மாறியபோது பிடியின் வரிகளைக் கா-பார் மாதிரியே வைத்தது. ஆனால் தோலில்லை, ரப்பர் போன்ற பொருள்.

மலிவாக வேண்டுமானால் ஆஸ்திரிய ராணுவத்துக்காக க்ளாக் நிறுவனம் செய்த ஃபெல்ட்மெஸ்ஸர் 78 இருக்கிறது. 165 மில்லிமீட்டர் அலகு, 200 கிராமைத் தொட்ட எடை, விலை கா-பாரில் பாதிகூட வராது. எஃகு 55 ராக்வெல்தான். சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும், நெம்பினால் உடையாமல் வளையும். பிளாஸ்டிக் பிடிக்குப் பராமரிப்பே இல்லை, உடைந்தால் பழுதுபார்க்கவும் வழியில்லை. பத்துப் பேருக்குச் சேர்த்து வாங்குவதானால் இதுதான் சரி. ஒருவர் ஒரு கத்தியை வைத்துக்கொண்டு பராமரிக்கத் தயாரென்றால் கா-பார், அதிலும் ஈரமான ஊருக்குக் க்ரேட்டான் என்ற ரப்பர் போன்ற பொருளில் பிடியுள்ளது; கூடவே தோல் உறையை விட்டுவிட்டு, அடியில் தண்ணீர் வடிய ஓட்டையுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் உறை. அதற்குள் மணல் போனால் பூச்சைக் கீறும். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தட்டிவிட்டால் போதும்.