டெலுரைடா, கிராஸ் வேலியா, வின்ஃபீல்டா?

பாஞ்ஜோ, ஃபிடில், மாண்டலின், கிடார் எல்லாம் சேர்ந்த அமெரிக்க நாட்டுப்புற இசை வகை புளூகிராஸ். அமெரிக்காவில் அதன் விழாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டென்ட் அடித்து மூன்று நான்கு நாள் அங்கேயே தங்க வேண்டும், பகலில் மேடைக் கச்சேரி கேட்டுவிட்டு இரவில் நாமும் ஒரு கிடாரோடு வட்டத்தில் உட்கார வேண்டும், சுற்றிலும் தங்க வேட்டைக் காலத்து ஊர் ஒன்று இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். கொலராடோவின் டெலுரைடு, கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலி இரண்டும் அதில் நிச்சயம் இருக்கும். கான்சாஸின் வின்ஃபீல்டு சுரங்க ஊர் இல்லை. ஆனாலும் முகாமில் வட்டமாகக் கூடி வாசிக்கும் ஜாம் என்று வந்தால் அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இசைக்கும் கௌபாய்களுக்கும் பிறப்பில் ஒரு சம்பந்தமும் கிடையாது. கென்டக்கிக்காரரான பில் மன்றோ உருவாக்கியது இது. 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் மீட்டும் தன் பாஞ்ஜோவோடு அவர் குழுவில் சேர்ந்த பிறகுதான் இன்று நாம் கேட்கும் வடிவம் வந்தது. பல நாள் நடக்கும் புளூகிராஸ் விழா என்ற வழக்கமும் 1965-ல் வர்ஜீனியாவின் ஃபின்காசிலில், ஒரு குதிரைப் பண்ணையில்தான் தொடங்கியது. மேற்கத்திய சுரங்க ஊர்கள் தங்கம் ஓய்ந்த காலத்தில்தான் இந்த இசைக்கு இடம் கொடுத்தன. கிராஸ் வேலியின் எம்பயர் சுரங்கம் 1956-ல் மூடப்பட்டது, விழா 1976-ல் வந்தது. டெலுரைடில் விழா தொடங்கிய 1974-ல் சுரங்கத் தொழில் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்தது.

அழகு என்று பார்த்தால் போட்டியே இல்லை, டெலுரைடுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 8,750 அடி உயரத்தில், மூன்று பக்கமும் செங்குத்தான மலை சூழ்ந்த பள்ளத்தாக்கின் முட்டுச்சந்தில் இருக்கிறது ஊர். மேடைக்கு எதிரே உட்கார்ந்தால் பாடகரின் தலைக்கு மேலே பனி ஒட்டிய சிகரங்கள் தெரியும். பிரதான வீதியில் விக்டோரியா காலத்துச் செங்கல் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. 1889 ஜூன் 24 அன்று பிரபல கொள்ளைக்காரன் புட்ச் காசிடியும் கூட்டாளிகளும் கொள்ளையடித்த சான் மிகெல் வேலி வங்கி இந்த வீதியில்தான் இருந்தது. கொள்ளையும் ஜூனில், விழாவும் ஜூனில். டென்ட் இடத்துக்குக் கேட்கும் பணத்தைப் பார்த்தால் அந்த மரபு தொடர்கிறதோ என்று தோன்றும்.

சாம் புஷ் 1975 முதல் ஆண்டுதோறும் அந்த மேடையில் ஏறுகிறார். அவருடைய மாண்டலினுக்காகவே போகலாம். ஆனால் பெயரில் இருக்கும் புளூகிராஸ் மேடையில் பாதிதான். ராபர்ட் பிளான்ட் போன்ற ராக் பாடகர்களும் அங்கே வந்து பாடியிருக்கிறார்கள். எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை பாஞ்ஜோவும் ஃபிடில் என்கிற வயலினும் மட்டுமே வேண்டும் என்பவர் ஏமாந்துபோவார்.

காலையில் நடக்கும் தார்ப்பாய் ஓட்டத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முன்வரிசையில் இடம் பிடிக்க ராத்திரியிலிருந்தே வரிசையில் காத்திருந்து எண் வாங்கியவர்கள், கதவு திறந்ததும் சுருட்டிய தார்ப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புல்வெளியில் ஓட்டமெடுப்பார்கள். நரைத்த தாடிக்காரர்கள்தான் அதிக வேகம். ஆனால் இடம் பிடித்தவர் எழுந்து போய்விட்டால், அவர் திரும்பும் வரை அந்தத் தார்ப்பாயில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அது அங்கே எழுதாத சட்டம்.

சிக்கல் எல்லாம் முகாமில்தான். மேடைக்கு அருகில் இருக்கும் டவுன் பார்க் முகாமில் இடம் குலுக்கலில்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஊருக்கு வெளியே பள்ளத்தாக்கில் டென்ட் போட்டுவிட்டு பஸ்ஸில் வந்துபோக வேண்டும். நல்ல ஜாம்கள் நடப்பது டவுன் பார்க்கில் என்பதால், வெளியே தங்குபவருக்கு விழாவின் பாதி கைநழுவிப் போகிறது. இதற்கு மேல் உயரத்தின் தொந்தரவு: முதல் நாள் தலைவலி, மாலையில் இடிமழை, ராத்திரியில் ஜூனிலும் பல்லைக் கிட்டவைக்கும் குளிர். டென்வரிலிருந்து காரில் ஆறேழு மணி நேரம் ஆகும்.

கிராஸ் வேலியில் இந்தப் பாடெல்லாம் இல்லை. சாக்ரமென்டோவிலிருந்து ஒரு மணி நேரம்தான். கலிஃபோர்னியா புளூகிராஸ் சங்கம் தந்தையர் தின வார இறுதியை ஒட்டி, ஊர்ச் சந்தைத் திடலில் விழாவை நடத்துகிறது. உயர்ந்த பைன் மரங்களுக்கு அடியிலேயே டென்டும் ஆர்வி என்ற வீட்டு வண்டியும். மேடையில் பெரும்பாலும் அசல் புளூகிராஸ். சங்கத்தின் சிறுவர் குழு விழா நாட்களிலேயே ஒத்திகை பார்த்துப் பிரதான மேடையில் வாசிக்கும். ஒன்பது வயதுக் குழந்தை உங்களைவிட நன்றாக வாசிப்பதைப் பார்க்க மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

ஆனால் அங்கே போக வேண்டிய காரணம் மேடை இல்லை, இரவு. மரத்தடியில் ஒரு துணிக்கூரை, ஒரு லாந்தர், ஆறேழு மடக்கு நாற்காலி. பேஸ்காரர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். ஒருவர் 'பி-யில்' என்று சுருதியைச் சொல்லிவிட்டுப் பாட்டை எடுப்பார், கிடார்காரர்கள் அவசரமாகக் கேப்போவை, அதாவது சுருதியை ஏற்றக் கிடார் கழுத்தில் மாட்டும் கவ்வியை, நகர்த்துவார்கள். சரணம் முடிந்ததும் பாடியவர் தலையை ஒரு பக்கம் அசைப்பார், அந்தச் சுற்று ஃபிடிலுக்கு. அடுத்த சரணத்துக்குப் பிறகு மாண்டலினுக்கு. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் சத்தத்தை இறக்கிக்கொள்வார்கள். தனி ஆவர்த்தனத்தை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி. டிரம் கிடையாது, அந்த வேலையை மாண்டலினின் 'சாப்' செய்கிறது. தந்தியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டுக்கு நடுவே விழும் வெட்டு அது. பாட்டு முடியப் போகிறது என்றால் எடுத்தவர் ஒரு காலைத் தூக்குவார். உங்கள் சுற்று வரும்போது வாசிக்கத் தெரியாவிட்டால் தலையாட்டி மறுத்துவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வட்டத்தில் ஏற்கெனவே ஒரு பாஞ்ஜோ இருந்தால் மட்டும் உங்களுடையது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

பகலில் வெயில் பொசுக்கும்போது எம்பயர் சுரங்கத்துக்குப் போய்வரலாம், இப்போது அது மாநிலப் பூங்கா. 1850 முதல் அதன் சுரங்கப் பாதைகள் 367 மைலுக்கு நீண்டன, எடுத்த தங்கம் 58 லட்சம் அவுன்ஸ். அதில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தவர்கள். அவர்கள் சாப்பாட்டு டப்பாவில் கொண்டுபோன இறைச்சிப் பேஸ்டி இன்றும் ஊரில் விற்கிறது.

வின்ஃபீல்டு வேறு ரகம். செப்டம்பரில் நடக்கிறது, 1972 முதல். பிக் என்ற சின்னத் தகட்டால் தந்தியை மீட்டும் தேசிய ஃபிளாட்பிக் கிடார் போட்டி இங்கேதான். ஸ்டீவ் காஃப்மன் அதை மூன்று முறை வென்றவர். பின்னாளில் புகழ்பெற்ற பாடகி அலிசன் க்ராஸ் 13 வயதில் ஃபிடில் போட்டியில் ஜெயித்ததும் இங்கேதான். முகாமில் இடம் பிடிக்கும் நாளுக்கு 'நில ஓட்டம்' என்று பெயர். பக்கத்து ஆர்கன்சாஸ் சிட்டியிலிருந்து 1893-ல் செரோக்கி நிலத்துக்கு ஆயிரக்கணக்கானோர் குதிரையிலும் வண்டியிலும் பாய்ந்ததை வைத்து வந்த பெயர். விழாவுக்குப் பல நாள் முன்பே பீக்கன் தோப்பில் குடியேறிவிடுகிறார்கள். டிரக்கையே மேடையாக்கி முகாம்காரர்களே நடத்தும் 'ஸ்டேஜ் 5' சில இரவுகளில் அதிகாரபூர்வ மேடைகளை மிஞ்சிவிடும். ஆனால் திடல் வால்நட் ஆற்றின் கரையில் இருப்பதால், வெள்ளம் வந்து முகாமையே ஏரிக்கரைக்கு மாற்றிய ஆண்டும் உண்டு. ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று போனால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.

சரி, எங்கே போவது? புளூகிராஸ் என்றால் என்னவென்றே தெரியாத துணையையோ நண்பரையோ கூட்டிப்போவதாக இருந்தால் டெலுரைடு. பாட்டு பிடிக்காவிட்டாலும் மலை இருக்கிறது, மவுன்டன் வில்லேஜுக்கு இலவச கோண்டோலா இருக்கிறது. கிடாரில் வேகம் வந்துவிட்டது, நம்மைவிட நன்றாக வாசிப்பவர்களோடு உட்கார வேண்டும் என்றால் வின்ஃபீல்டு. ஜி, சி, டி மூன்று கார்டு மட்டும் தெரிந்து, வட்டத்துக்குள் நுழையக் கூச்சப்படுபவர் என்றால் யோசிக்காமல் கிராஸ் வேலி. என் ஓட்டும் அதற்குத்தான். மெதுவாக வாசிக்கும் ஜாம்களும் அங்கே உண்டு, விழாவுக்கு முந்தைய நாட்களில் சங்கம் நடத்தும் இசை முகாமில் சேர்ந்தால் முதல் இரவே நாலு தெரிந்த முகம் இருக்கும். கேப்போவும் சுருதி பார்க்கும் கிளிப் டியூனரும் மறக்காதீர்கள், காதடைப்பானும்தான். அதிகாலை மூன்று மணிக்குப் பக்கத்து டென்ட்காரர்கள் இன்னும் ஒரே ஒரு பாட்டு என்று ஆரம்பிப்பார்கள்.