ஹட்டன் பழைய புத்தகக் கடையும் ஒரு சத்தமில்லாத துப்பாக்கியும்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட இருக்கிற பழைய புத்தகக் கடையில், இரண்டாம் உலகப் போரின் உளவு ஆயுதங்களைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை 700 ரூபாய்க்கு எடுத்தேன். வெல்ராட் என்ற கைத்துப்பாக்கியைப் பற்றிய அத்தியாயம் ஒன்றுக்கே அந்தக் காசு தகும். பிரிட்டனின் எஸ்.ஓ.ஈ. என்ற இரகசிய அமைப்புக்காக, லண்டனுக்கு வடக்கே வெல்வின் அருகே ஒரு பழைய மாளிகையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் உருவானது. வடிவமைத்தவர் மேஜர் ஹியூ ரீவ்ஸ். தோட்டாப் பெட்டிதான் கைப்பிடி, அதைக் கழற்றிவிட்டால் மிச்சம் சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு வெறும் குழாய், யாரும் துப்பாக்கி என்று நினைக்கவே மாட்டார்கள். செய்தவர் பெயரும் பொறிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பின்னாலுள்ள குமிழைத் திருகி, இழுத்து, திரும்பத் தள்ளித்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும், மெதுவான வேலைதான், ஆனால் சுடும்போது உலோகம் மோதுகிற சத்தம் வராமல் இருப்பதே அதனால்தான். வெடிச்சத்தத்தை அடக்கக் குழாய்க்குள் ரப்பர் வட்டுகளும் உண்டு. தோட்டா அவற்றை உரசிக்கொண்டு போவதால் சுடச்சுட தேய்ந்து சத்தம் கூடிவிடும், அப்புறம் மாற்ற வேண்டும். அந்தக் குறுக்குவெட்டுப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, கடைக்கு வருவோம். சுவரோரத் தட்டில் இருப்பதெல்லாம் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, என் புத்தகத்திலும் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியவில்லை. முதலாளி நல்ல மனுஷன், "தம்பி, பக்கத்தையெல்லாம் புரட்டிப் பார்த்துட்டே எடுங்க" என்று அவரே சொல்கிறார். தமிழில் பழைய பாடநூல்கள்தான் அதிகம். காசாகக் கொண்டு போங்கள், கார்ட் எடுக்க மாட்டார்கள்.